துருவுக்குத் தப்பிய இசட்

மலிவு விலைக்கு வாங்கி, ஓட்டித் தேய்த்து, தூக்கிப் போட்ட ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்று ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. இவற்றைக் காப்பாற்றிய புண்ணியம், தயாரித்த கம்பெனிகளைச் சேராது.

இன்ஜின் ஓடும், பாடிதான் இருக்காது. எழுபதுகளின் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களின் ஜாதகமே இதுதான். டட்சன் 240இசட் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2,393 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங். நேரத்துக்கு ஆயில் மாற்றி, வால்வு கேப் பார்த்துக்கொண்டால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் முணுமுணுக்காமல் ஓடும். அதைச் சுமக்கும் தகடோ மெல்லிசு. துருவைத் தடுக்கும் பூச்சு பேருக்குத்தான் இருந்தது. பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டும் அமெரிக்காவின் வட மாநிலங்களில் சில குளிர்காலம் கண்ட இசட்களில், ஃபெண்டரின் அடியில் விரல் வைத்தால் மறுபக்கம் வந்துவிடும். நல்ல இன்ஜினை உள்ளே வைத்துக்கொண்டே காயலான் கடைக்குப் போன கார்களுக்குக் கணக்கே கிடையாது.

அப்படிப் போன காரின் வம்சத்தில் ஒன்று, 2020 ஜனவரியில் அமெரிக்க இணைய ஏலம் ஒன்றில் 3,10,000 டாலருக்கு விற்றது. 1971 மாடல். பொம்மை கார் தயாரிக்கும் ஒரு கம்பெனி தன் சிறிய மாதிரிக்கு அளவெடுத்த கார் என்பதால் அதற்குத் தனிப் பெயரே உண்டு. அதே மாதம் டோக்கியோ ஆட்டோ சலோனில் நடந்த ஏலத்தில், பந்தயத்துக்காக இலகுவாகச் செய்யப்பட்ட 1970ஆம் வருட ஃபேர்லேடி இசட்432ஆர் எட்டரைக் கோடி யென்னைத் தாண்டியது. 1970இல் அமெரிக்க ஷோரூமில் 240இசட்டின் விலை 3,526 டாலர்!

அந்த விலையில்தான் எல்லாக் கதையும் அடங்கியிருக்கிறது. 1969 அக்டோபரில் ஜப்பானில் ‘ஃபேர்லேடி இசட்’ என்ற பெயரில் வெளியான இந்த கார், நீண்ட மூக்கு, குறுகிய வால், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடும் வேகம் என்று ஐரோப்பிய சீமான்களின் கார்களில் இருந்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஜாகுவார், போர்ஷே விலைக்குப் பல படி கீழே வந்து நின்றது. பள்ளி ஆசிரியரும் நர்ஸும் வாங்க முடிந்த ஸ்போர்ட்ஸ் கார். வாங்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். குறித்த விலைக்கு மேல் வைத்து விற்ற டீலர்களும் உண்டு. 1978 வரை இந்தத் தலைமுறையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உருண்டு வந்தன.

ஐந்து லட்சம் இருக்கும் பொருளை யார் பத்திரப்படுத்துவார்? முதல் உரிமையாளர் வேலைக்கு ஓட்டிப் போனார். இரண்டாமவர் கல்லூரி மாணவர். மூன்றாமவர் பெரிய சக்கரம் மாட்டினார், நான்காமவர் இன்ஜினைக் கழற்றி வேறு எதிலோ வைத்தார். ஃபெராரிக்கு முதல் நாளிலிருந்தே பணக்காரரின் கராஜும் போர்வையும் கிடைத்தன. இசட்டுக்கு வீட்டுக்குப் பின்னால் புல்தரைதான் கிடைத்தது.

மாறாக, டொயோட்டா 2000ஜிடி ஒருபோதும் மீட்பரைத் தேடவில்லை. யமஹாவுடன் சேர்ந்து 1967 முதல் 1970 வரை டொயோட்டா கட்டிய அந்த கார், மாதிரி வண்டிகளையும் சேர்த்து மொத்தம் 351தான். 23,80,000 யென் விலை. அன்றைய ஜப்பானில் சாமானியர் கனவில்கூட வாங்க முடியாத தொகை. டேஷ்போர்டின் மர வேலைப்பாடுகூட பியானோ செய்யும் யமஹாவின் கைவண்ணம். ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரிக்குத் தலை இடிக்கிறது என்று கூரையை வெட்டி இரண்டு திறந்த கார்கள் செய்தார்கள். 2013இல் ஒரு 2000ஜிடி 11,55,000 டாலருக்குப் போய், பத்து லட்சம் டாலர் தாண்டிய முதல் ஜப்பான் கார் ஆனது. கேரல் ஷெல்பியின் அணி 1968இல் பந்தயத்தில் ஓட்டிய கார் 2022இல் 25,35,000 டாலர். பிரமாதம்தான். ஆனால் பிறந்தபோதே அபூர்வமாக இருந்ததன் விலை உயர்வதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எனக்கு இசட்டின் கதைதான் பெரிது.

தார் ஒட்டிய தரை

பழைய இசட் ஒன்றை வாங்கப் போகிறவர் கையில் முதலில் இருக்க வேண்டியது ஒரு காந்தம். மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. நம் ஊர் பட்டி டிங்கரிங் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: துருவை அறுத்து எடுக்காமல் மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்தால், ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடித்த கதைதான். ஒரு வருடம் பளபளக்கும், அடுத்த வருடம் கொப்பளிக்கும்.

இந்த காரில் துரு எங்கே குடியிருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். பேட்டரி வைக்கும் தட்டு. அங்கே சொட்டிய ஆசிட் கீழே இறங்கி ஃபிரேம் ரெயிலையும் தின்றிருக்கும். வைப்பருக்கு முன்னால் காற்று புகும் பள்ளத்தில் இலைச் சருகு அடைத்து, தண்ணீர் தேங்கி, உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள மடிப்பு, ஸ்டெப்னி வைக்கும் குழி, பின்கதவு வந்து அமரும் விளிம்பு எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. பின்கதவின் ரப்பர் பீடிங் இறுகிப்போயிருந்தால் புகைக்குழாயின் புகை திரும்பி உள்ளே வரும். இசட் ஓட்டிவிட்டு வீடு திரும்பியவரின் சட்டையில் பெட்ரோல் புகை வாடை அடிப்பது உரிமையாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் குறை. ஜன்னலை இறக்கினால் வாடை குறையாது, கூடும்.

வேலை தொடங்கியதும் காரை எலும்புக்கூடாக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் பெயர் எழுதிய தனித்தனி பையில். பாடியை மட்டும் இரு முனையிலும் பிடித்துச் சுழற்றும் ஸ்டாண்டில் ஏற்றுகிறார்கள். உள்தரையில் சத்தம் அடக்க கம்பெனி ஒட்டிய தார் ஷீட் ஐம்பது வருடத்தில் தகட்டோடு ஒன்றாகியிருக்கும். சூடுபண்ணிச் சுரண்டினால் பிசுபிசுவென்று நகத்தில் ஏறுமே தவிர வராது. அதற்கு ஒரு உபாயம் இருக்கிறது: உலர் பனிக்கட்டியை வாங்கி வந்து தார் மேல் பரப்பி, சில நிமிடம் பொறுத்து, சுத்தியலால் லேசாகத் தட்டினால் போதும். குளிரில் விறைத்த தார் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழும். அடியில் பளிச்சென்று தகடு தெரிந்தால் உரிமையாளர் அன்று நிம்மதியாகத் தூங்குவார். காபிப்பொடி நிறத்தில் தூளாகக் கொட்டினால் புது தரைத் தகட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான்.

மெல்லிய தகடு என்பதால் மணல் வீச்சும் ஆபத்து. வேகத்தில் சூடேறி பானெட் நெளிந்துவிடும். சோடா உப்பு, பிளாஸ்டிக் துகள் என்று மெதுவான பொருளை வைத்து உரிக்கிறார்கள். ஃபேக்டரியில் ரோபோ இல்லாத காலத்தில் வைத்த ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, புதுத் தகட்டில் அதே இடத்தில் துளை போட்டு வெல்டால் நிரப்பி, தட்டையாக கிரைண்டர் பிடித்து, பழைய வெல்டின் வட்டத் தடம் தெரியும்படி முடிக்கும் கைதேர்ந்தவர்கள் உண்டு. இவ்வளவும் கார்ப்பெட்டுக்கு அடியில் போகிற வேலை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். பார்ப்பவரைப் பிறகு சந்திப்போம்.

இன்ஜினில் நின்று பேச வேண்டியது இரட்டை கார்புரேட்டரைப் பற்றித்தான். பிரிட்டிஷ் எஸ்.யூ. அமைப்பில் ஹிட்டாச்சி செய்தது. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இணைப்புக் கம்பியைத் தளர்த்திவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, ‘உஸ்’ என்ற சத்தம் இரண்டிலும் ஒரே சுருதிக்கு வரும்வரை ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்புவார்கள். அடியில் இருக்கும் மிக்ஸர் நட்டை மேலே முட்டும்வரை ஏற்றி, இரண்டரைச் சுற்று இறக்குவது தொடக்கப் புள்ளி. அதற்குப் பிறகு அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாக. இதற்கென்று மீட்டர் வந்துவிட்டது. ஆனாலும் பழைய கைகள் குழாயை விடுவதில்லை.

240இசட்டில் 1973 மாடலுக்கு மட்டும் புகைக் கட்டுப்பாட்டுக்காக வேறு விதமான தட்டைத் தலை கார்புரேட்டர் வைத்தார்கள். வெயிலில் சூடேறி மக்கர் பண்ணியது. வாங்கியவர்கள் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு முந்தைய மாடலின் உருண்டைத் தலையை மாட்டிக்கொண்டார்கள். இப்போது 1973 காரை அசல் நிலையில் காட்ட விரும்புகிறவர், அன்று குப்பைக்குப் போன அதே சனியனைத் தேடி அலைகிறார்!

கம்பெனி கைவிட்ட வம்சம்

இசட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவர ஒற்றைக் காலில் நின்றவர் யுடாகா கதாயாமா. 1909இல் பிறந்தவர். 1958இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி நடந்த ராலிக்கு டட்சன் அணியை அழைத்துப் போய் வகுப்பு வெற்றியுடன் திரும்பியவர். தலைமையகத்தில் அவருக்கு நண்பர்கள் குறைவு. 1960இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் கம்பெனியின் தலைவராகவே வளர்ந்துவிட்டார். அமெரிக்கர்கள் ‘மிஸ்டர் கே’ என்று கூப்பிட்டார்கள். டட்சனின் தாய்க் கம்பெனியான நிசானின் தலைவர் கவமட்டா ரசித்த ஓர் இசை நாடகத்திலிருந்து வந்த ‘ஃபேர்லேடி’ என்ற பெயரோடு ஸ்போர்ட்ஸ் கார் விற்க முடியாது என்பது கதாயாமாவின் கட்சி. வந்து இறங்கிய கார்களின் பெயர்ப் பட்டையைப் பிடுங்கிவிட்டு ‘240இசட்’ என்று ஒட்டவைத்தார். யோஷிஹிகோ மட்சுவோவின் குழு வரைந்த உருவத்துக்கு எண்ணும் எழுத்துமே பொருந்தின.

1977இல் அவரை ஜப்பானுக்குத் திருப்பி அழைத்து ஓரம் கட்டினார்கள். காரையும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்கள். ஜப்பான் கார் கம்பெனிகளின் இயல்பு அது: நாளைய மாடலில்தான் கண். நேற்றைய மாடலின் ரப்பரும் கண்ணாடியும் கிடங்கில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாட்டின் சட்டமும் அதே திசையில் தள்ளுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ‘ஷாகென்’ தகுதிச் சோதனை; 13 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கு வருட வரி சுமார் 15 சதவீதம் அதிகம். பழைய காரை வைத்திருப்பவரைப் பார்த்து அரசாங்கம் ‘இன்னுமா விற்கவில்லை?’ என்று கேட்கிறது.

அடுத்த இருபது வருடத்தில் காரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் சாதாரண உரிமையாளர்கள். சனிக்கிழமை கராஜில் கூடியவர்கள், போட்டோகாப்பி எடுத்த சர்வீஸ் மேனுவலைக் கைமாற்றியவர்கள், எந்த மாதம் எந்தத் திருகு மாறியது என்று கார் காராகப் பார்த்துக் குறித்து வைத்தவர்கள். முதல் தொகுதி 240இசட்டின் பின்கதவில் காற்றுத் துளை உண்டு, அடுத்ததில் அது பக்கத் தூணுக்குப் போய் வட்டத்துக்குள் ‘இசட்’ முத்திரை வந்தது போன்ற நுணுக்கங்களை ஊர் ஊராகப் பரப்பியவர்கள் இவர்கள்தான். வயதான கதாயாமாவைத் தங்கள் மாநாடுகளுக்கு அழைத்துத் தலையில் தூக்கிவைத்து ஆடியதும் இவர்களே. 1998இல் அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது. 2015இல், 105 வயதில் இறந்தார்.

கம்பெனிக்கு ஞானம் வந்தது, பணம் இல்லாதபோது. அமெரிக்காவில் இசட்டின் பின்னாளைய வாரிசான 300இசட்எக்ஸ் விற்பனை 1996இல் நின்றுபோக, ‘இசட்’ என்ற பெயரே மறந்துவிடுமோ என்ற பயத்தில் நிசானின் அமெரிக்கக் கிளை ஒரு காரியம் செய்தது. பழைய 240இசட்களைத் தேடி வாங்கி, தனியார் பட்டறைகளில் புதிதாக்கி, டீலர் ஷோரூமில் சுமார் 25,000 டாலருக்கு உத்தரவாதத்துடன் விற்றது. இலக்கு 200 கார். முடிந்தது நாற்பதுக்கும் குறைவு. ஒவ்வொரு காரையும் பிரித்துப் பார்த்தபோது துரு எதிர்பார்த்ததைவிட ஆழம். செலவு விலையை விழுங்கிவிட்டது. திட்டத்தை மூடினார்கள். வணிகமாகப் பார்த்தால் தோல்விதான். ஆனால் ஒரு கார் கம்பெனி தன் பழைய காரைப் புதிதாக்கி ஷோரூமில் வைத்து விற்க முனைந்தது அன்று அபூர்வம்.

இப்போது எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். ஹோண்டா மட்டும் விதிவிலக்கு, என்.எஸ்.எக்ஸ். கார்களை ஃபேக்டரிக்கே திரும்ப வரவழைத்துப் புதுப்பிக்கும் திட்டத்தை 1993இலேயே தொடங்கிவிட்டது. நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2017 இறுதியில் ஆர்32 ஸ்கைலைன் ஜி.டி.ஆர்.க்கு உதிரி பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. டொயோட்டா 2020இல் சுப்ராவுக்கும் 2000ஜிடிக்கும், மறு வருடம் ஏ.ஈ.86க்கும். 2000ஜிடியின் கியர் பாகங்களை அந்தக் காரை வைத்திருப்பவருக்கு மட்டும்தான் விற்பார்கள். வாங்கிப் பதுக்கும் வியாபாரிக்கு இடமில்லை. ஹிரோஷிமாவில் மாஸ்டா 2017இல் அறிவித்த திட்டத்தில் 1989இல் பிறந்த எம்.எக்ஸ்-5இன் முதல் தலைமுறையை முழுசாகப் பிரித்துக் கட்டித் தருகிறார்கள். அந்த காருக்கு அன்று போட்ட டயரை பிரிட்ஜ்ஸ்டோன் அதே அளவில், அதே பேட்டர்ன் அமைப்பில் மறுபடி வார்த்தது. முழு வேலைக்கும் கொடுக்கும் பணத்தில் புது எம்.எக்ஸ்-5 ஒன்றை வாங்கிவிடலாம், மீதியும் இருக்கும். அதற்கும் காத்திருக்கிறார்கள். கடுமையாகத் துருப்பிடித்த காரைக் கம்பெனி ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுலபமான நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு, மற்றவர்கள் பழையபடி கராஜ் வைத்தியருக்கு.

‘பி’ இருக்கிறதா?

விலை ஏறினால் போலியும் ஏறும். 1969இல் வந்த முதல் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரை ஜப்பானியர்கள் ‘ஹகோசுகா’ என்பார்கள். பெட்டி மாதிரி உடம்பு. உள்ளே பந்தய காரிலிருந்து இறங்கிய எஸ்20 இன்ஜின்: 1,989 சிசி, சிலிண்டருக்கு நான்கு வால்வு, இரட்டை கேம்ஷாஃப்ட், 160 குதிரை சக்தி. தொடர்ந்து 49 பந்தயம் ஜெயித்தது என்பது ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். செய்தது 2,000 அளவில்தான். அதன் தம்பி ‘கென்மெரி’ ஜி.டி.ஆர். 1973இல் வந்து, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நெருக்கியதால் 197 காரோடு முடிந்துபோனது.

அதே உருவத்தில் சாதாரண ஸ்கைலைன்கள் லட்சக்கணக்கில் உண்டு. கிரில்லை மாற்று, பின் சக்கர வளைவை வெட்டி ரிவெட் வைத்த ஃபிளேர் மாட்டு, சிவப்பு ‘ஜி.டி.ஆர்.’ முத்திரை ஒட்டு. பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சேசிஸ் எண்ணில் தெரியும். இரண்டு கதவு சாதாரண காரில் கேஜிசி10 என்று இருக்கும். அசல் ஜி.டி.ஆரில் கேபிஜிசி10. நடுவில் ஒரு ‘பி’. எஸ்20 இன்ஜின் வைத்த இசட்432க்கும் இதே கதை: சாதாரண கார் எஸ்30, அது பிஎஸ்30. அந்த எழுத்துக்காக ஃபயர்வாலில் கிரைண்டர் ஓட்டி வேறு தகடு ஒட்டவைக்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. அதனால் விவரமானவர்கள் எண்ணைப் படிப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள பெயின்ட்டைத்தான் பார்ப்பார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: போலி என்று ஒளிக்காமல், ‘இது ஜி.டி.ஆர். தோற்றம், உள்ளே நிசானின் சாதாரண 2.8 லிட்டர் எல் வகை இன்ஜின்’ என்று எழுதி வைத்து ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அசல் எஸ்20 இன்ஜினின் ஒரு பாகம் உடைந்தால் தூக்கம் போகும். எல் இன்ஜின் உடைந்தால் இன்னொன்று கிடைக்கும். தினம் ஓட்ட எதைத் தேர்வு செய்வீர்கள்?

நடுவர் டார்ச் அடிக்கிறார்

2005இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில், ஜப்பான் பழைய கார்களுக்கு மட்டுமேயான கண்காட்சி ஒன்று தொடங்கியது. அதுவரை அமெரிக்காவின் பழைய கார் விழாக்களில் டட்சனும் டொயோட்டா செலிகாவும் பார்க்கிங்கில் நிற்க வேண்டியவை. புல்தரையில் இடம் கிடைக்காது. அதன் பிறகு வருடா வருடம் கடலோரப் பூங்காவில் வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஜப்பானில் பிப்ரவரியில் யோகோஹாமாவின் பசிபிகோ அரங்கில் ‘நாஸ்டால்ஜிக் 2டேஸ்’. அங்கே பட்டறைக்காரர்களின் கை ஓங்கியிருக்கும். வெல்டைக் காட்டுவதற்காகவே பெயின்ட் அடிக்காத பாடியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

போட்டி என்று வந்துவிட்டால் அசல் வகுப்பின் நடுவர் கையில் டார்ச், நோட்டு. முட்டிபோட்டு அடியில் பார்ப்பார். ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளாம்ப் கம்பெனி வைத்த வகையா, ஹார்டுவேர் கடையில் வாங்கியதா? போல்ட் தலையில் உள்ள குறி சரியானதா? முலாம் அந்த மங்கிய மஞ்சள் சாயலில் இருக்கிறதா, இல்லை வெள்ளியாக மின்னுகிறதா? டேஷ்போர்டில் வெடிப்பு உண்டா? வெடிக்காத அசல் டேஷ்போர்டு இசட்டில் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெயிலில் வினைல் சுருங்கிக் கோடு விழும். மேலே மூடி ஒட்டினால் நடுவர் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

இங்கேதான் பெரிய சண்டை. அன்றைய கம்பெனி பெயின்ட் அவ்வளவு சுத்தம் கிடையாது. ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் இருக்கும், கதவு இடுக்கில் பூச்சு சரியாக ஏறியிருக்காது. இன்று பட்டறையிலிருந்து வரும் கார் கண்ணாடி மாதிரி இருக்கிறது. 918ஆம் எண் ஆரஞ்சு நிறம் சரி, ஆனால் அதன் ஆழம் 1970இல் எந்த காரிலும் இல்லாதது. பிழையோடு செய்வதா, பிழையைத் திருத்துவதா? கம்பெனித் தொழிலாளியின் அவசரத்தைக்கூட அப்படியே நகல் எடுக்கிறவர்கள் ஒரு பக்கம், ‘இவ்வளவு செலவு செய்து மோசமாகப் பெயின்ட் அடிக்கவா?’ என்பவர்கள் மறுபக்கம். நான் மூன்றாவது கட்சி. ட்ரெய்லரில் வந்து இறங்கி, துடைத்துவிட்டு, மறுபடி ட்ரெய்லர் ஏறும் காருக்குப் பரிசு கொடுப்பதைக் காட்டிலும், மூக்கில் கல் பட்ட தழும்போடு நூறு கிலோமீட்டர் ஓடி வந்த காருக்குக் கொடுக்கலாம். நடுவர்கள் கேட்க மாட்டார்கள்.

மாற்றம் செய்த கார்களின் வரிசையில் கூட்டம் அதிகம். வதனாபே எட்டு ஸ்போக் வீல், வரிசையாக மூன்று மிகுனி கார்புரேட்டர், 3 லிட்டருக்கு மேல் பெருக்கிய எல் இன்ஜின். இதுவும் வரலாறுதான்; எழுபதுகளின் ஜப்பான் இளைஞர்கள் இப்படித்தான் ஓட்டினார்கள். புத்தம் புதிய மின்சார மோட்டாரை வைத்துக்கொண்டு வருபவரைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். டொயோட்டாவே 2023 டோக்கியோ ஆட்டோ சலோனில் ஏ.ஈ.86 இரண்டை நிறுத்தி, ஒன்றில் பேட்டரியும் இன்னொன்றில் ஹைட்ரஜனும் போட்டுக் காட்டிய பிறகு சுளிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எனக்குப் பிடித்த மறுசீரமைப்பு ஒன்று நிசானின் சாமா அரும்பொருள் கூடத்தில் இருக்கிறது. 1971இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஜெயித்த 240இசட். நிசான் ஊழியர்கள் வேலை நேரம் போக மீதியில் கூடிச் செய்யும் புதுப்பிப்புக் குழு 2013இல் அதைக் கையில் எடுத்தது. இன்ஜின் மறுபடி ஓடுகிறது. பாடி, ராலியில் வாங்கிய நெளிசல்களோடு நிற்கிறது. 1973இல் அதே ராலியை இன்னொரு 240இசட்டில் ஜெயித்தவர் நம்மவர் வம்சாவளி: உகாண்டாவில் பிறந்து, இடி அமீன் துரத்தியதால் கென்யா போன சேகர் மேத்தா. ஸ்வீடனின் ஹாரி ஷெல்ஸ்ட்ரோமும் அவரும் தண்டப் புள்ளியில் சரிசமம். விதிப் புத்தகத்தைப் புரட்டி மேத்தாவுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். பின்னாளில் மொத்தம் ஐந்து முறை சஃபாரியை ஜெயித்தார். நம் நாட்டு ரோட்டில் இசட்டைப் பார்க்க முடியவில்லை என்றாலும், அதன் ஸ்டியரிங்கை நம் ஆள் ஒருவர் பிடித்திருக்கிறார்.

ரிச்சி ஸ்ட்ரீட் வேலை

அமெரிக்காவின் 1988 சட்டப்படி, அந்த நாட்டுக்கென்று செய்யப்படாத காரை அது 25 வயதைத் தாண்டிய பிறகே தாராளமாக இறக்குமதி செய்யலாம். அதனால் அமெரிக்காவில் விற்கப்படாத ஆர்32 ஜி.டி.ஆர். 2014இல் கப்பல் ஏறியது, ஆர்34 பத்து வருடம் கழித்து. சினிமா பார்த்து வளர்ந்த பையன்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள். நடிகர் பால் வாக்கர் படத்தில் ஓட்டிய ஆரஞ்சு சுப்ரா 2021இல் 5,50,000 டாலர். நீல நிற ஆர்34 2023இல் 13,57,000 டாலர். ஜப்பானிலேயே விலை எகிறி, உள்ளூர் இளைஞர் கைக்கு எட்டாமல் போய்விட்டது. திருட்டும் கூடிவிட்டது, ஸ்டியரிங்குக்குப் பூட்டு, சக்கரத்துக்குப் பூட்டு, கராஜ் வாசலில் இன்னொரு கார் என்று தூங்குகிறார்கள்.

இந்தத் தொண்ணூறுகளின் கார்களில் துரு மட்டும் பிரச்னை இல்லை. என்.எஸ்.எக்ஸ். முழுக்க அலுமினியம், காந்தத்துக்கு அங்கே வேலையே கிடையாது. நோய் வேறு இடத்தில் வருகிறது. இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டி, ஏசி கன்ட்ரோல், ஸ்பீக்கருக்குப் பின்னாலிருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றின் சர்க்யூட் போர்டில் உட்கார்ந்திருக்கும் கெபாசிட்டர்கள் முப்பது வருடத்தில் கசிந்து, செம்புத் தடத்தை அரிக்கின்றன. ஏசி தானாக ஓடும், தானாக நிற்கும். அனுபவசாலிகள் கோளாறு வருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து, சால்டரிங் அயர்னால் பழையதை உருக்கி எடுத்து, போர்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, புதிது வைத்துவிடுகிறார்கள். கம்பெனிப் பெட்டி கேட்டால் ஆயிரக்கணக்கில் சொல்வார்கள், அதுவும் இருந்தால். கெபாசிட்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தட்டில் கொட்டி விற்கும் அதே சரக்குதான். அந்த வேலைக்கு வெல்டரும் வேண்டாம், டிங்கரும் வேண்டாம். செல்போன் ரிப்பேர் கடைப் பையன் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துக் கொடுத்துவிடுவான்.